வண்ணம் தீட்டும் முன்னே: கறுப்பு வெள்ளைப் படங்களைப் பதப்படுத்திய கலையின் வரலாறு



நம்மில் பலருடைய இல்லங்களில் பாட்டன் பாட்டியின் பழைய நிழற்படம் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டுப் பின்னர்க் கையால் வண்ணம் ஏற்றப்பட்ட படம் அது. கன்னத்தில் இளஞ்சிவப்பு, சேலைக் கரையில் பச்சை, கழுத்து நகையில் மஞ்சள் என்று மூன்று நான்கு வண்ணங்களுக்குள் அதன் அழகு அடங்கிவிடும். அதைக் காண்போர் தூரிகை பிடித்தவரின் கைத்திறனைப் போற்றுவர். தூரிகை தொடுவதற்கு முன்னால் அந்தத் தாளுக்கு என்னென்ன செய்யப்பட்டன என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

வண்ணம் நிலைத்து நிற்பதும் உரிந்து போவதும், முகம் தெளிவதும் கறைபடுவதும் பெரும்பாலும் அந்த முன்வேலையில்தான் முடிவாயின. அந்த முன்வேலையின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

வெள்ளித் தகட்டில் தொடங்கிய சிக்கல்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகுவேர் என்பாரின் நிழற்பட முறை 1839ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. மக்கள் வியந்தனர். வியப்பு அடங்கியதும் ஒரு குறையும் கேட்டது: உருவம் உள்ளது உள்ளபடி இருக்கிறது, உயிரோட்டமான நிறத்தைக் காணவில்லையே! ஓவியரிடம் உருவப்படம் வரைந்து பழகிய செல்வந்தர்களுக்குச் சாம்பல் நிற முகம் பிணத்தின் முகம்போல் தோன்றியது.

தகட்டில் வண்ணம் இடலாம் என்றால் அதன் மேற்பரப்பு தூரிகையைத் தாங்காது. உருவம் என்பது தகட்டின்மேல் படிந்த மிக நுண்ணிய துகள்களே. விரல் பட்டால் அழிந்துவிடும். 1840ஆம் ஆண்டில் ஃபிசோ என்னும் பிரெஞ்சு அறிவியலார் தங்கக் குளோரைடுக் கரைசலைத் தகட்டின்மேல் ஊற்றிச் சூடேற்றும் முறையைக் கண்டறிந்தார். உருவம் சற்று உறுதிப்பட்டது. நிறமும் செழுமை பெற்றது. வண்ணமிடுவதற்கென்று இம்முறை கண்டறியப்படவில்லை. ஆயினும், வண்ணமிடுவோர்க்கு அது நல்லதோர் அடித்தளமாய் அமைந்தது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு ஓவியர் இசன்ரிங், நுண்ணிய வண்ணப் பொடியோடு கருவேலம் பிசின் பொடியைக் கலந்து தகட்டின்மேல் தூவிப் படங்களுக்கு வண்ணமேற்றினார். இவ்வகை முறைகளில், மென்மயிர்த் தூரிகையால் பொடியை உரிய இடத்தில் படியவிட்டு, அதன்மேல் மெதுவாக மூச்சுக் காற்றை ஊதுவர். மூச்சின் ஈரத்தில் பிசின் இளகிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ரிச்சர்டு பியர்டு என்பவர் 1842ஆம் ஆண்டு வண்ணமிடும் முறைக்குக் காப்புரிமையே பெற்றார். நிழற்படம் பிறந்து மூன்றாண்டுக்குள் வண்ணமிடுதல் ஒரு தொழிலாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

குடிக்கும் தாளும் ஒதுக்கும் தாளும்

தகட்டை அடுத்துத் தாள் வந்தது. தொடக்கக்கால உப்புத் தாளில் வெள்ளி உருவம் தாளின் நார்களுக்குள்ளேயே தங்கியிருந்தது. அத்தாள் மையொற்றுத் தாளைப்போல் வண்ண நீரைக் குடித்துவிடும். ஓரிடத்தில் வைத்த வண்ணம் பக்கத்து இடத்துக்கும் பரவும். ஆகவே, ஜெலட்டின் போன்ற பசைப்பொருளை மெல்லிய கரைசலாக்கித் தாளின்மேல் ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்த பிறகே வண்ணம் இட்டனர். நார்களின் வாயை அடைக்கும் வேலை என்று இதனைச் சொல்லலாம்.

1850ஆம் ஆண்டில் பிரான்சின் பிளாங்கார் எவரார் முட்டை வெண்கருத் தாளை அறிமுகம் செய்தார். அடுத்த நாற்பது ஆண்டுகள் உலகெங்கும் அத்தாளே கோலோச்சியது. செருமனியின் டிரெஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்று மட்டும் 1888ஆம் ஆண்டில் இத்தாளுக்காக 60 இலட்சம் முட்டைகளைப் பயன்படுத்தியது என்றால் அதன் பரவலை எண்ணிப் பாருங்கள்!

இத்தாளில் சிக்கல் தலைகீழாய் மாறியது. வெண்கருப் பூச்சு வழவழப்பானது; நீர்வண்ணத்தை ஏற்காமல் ஒதுக்கியது. இலைமேல் நீர்போல வண்ணம் துளித்துளியாய்த் திரண்டு நின்றது. அதற்குக் கண்ட மருந்து மாட்டுப் பித்தநீர். தூய்மைப்படுத்திய பித்தநீரைச் சில துளி நீரில் கலந்து படத்தின்மேல் துடைத்தால், பரப்பில் இருந்த எண்ணெய்ப் பசை நீங்கி வண்ணநீர் சமமாய்ப் பரவும். வழலைக் கட்டியால் கை கழுவும்போது அழுக்கு நீங்குவதும் ஏறக்குறைய இதே இயக்கம்தான். பித்தநீர் கைவசம் இல்லாதவர் படத்தை நாவால் நக்கி ஈரப்படுத்தியதும் உண்டு! உமிழ்நீரும் அதே வேலையை ஓரளவு செய்யும்.

ஒரே வண்ணம், ஒரே தூரிகை; ஒரு தாளுக்கு அடைப்பு வேண்டும், மற்றொரு தாளுக்குத் திறப்பு வேண்டும். தாளின் தன்மையை அறியாதவன் எவ்வளவு பெரிய ஓவியனாயினும் படத்தைக் கெடுத்துவிடுவான் என்பதை அக்காலத்துத் தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

யோக்கோகாமாவின் வண்ணக்கூடங்கள்

இக்கலை பெருந்தொழிலாய் வளர்ந்த இடம் சப்பானின் யோக்கோகாமா துறைமுகம். பெலிசே பியாட்டோ என்னும் நிழற்படக் கலைஞர் 1863ஆம் ஆண்டு அங்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்னர், 1858இல் இந்தியாவுக்குச் சென்று, கிளர்ச்சியில் சிதைந்த இலக்னோ நகரைப் படமெடுத்தவர் இவர். 1866ஆம் ஆண்டு நவம்பரில் யோக்கோகாமாவில் எழுந்த பெருந்தீ அவருடைய கூடத்தையும் படங்களையும் அழித்தது. மனம் தளராமல் மீண்டும் படமெடுத்து, 1868ஆம் ஆண்டளவில் சப்பானியக் காட்சிகளைத் தொகுப்பேடுகளாக வெளியிட்டார். அவற்றுள் பல கையால் வண்ணமிடப்பட்டவை.

வெண்கருத் தாளின்மேல் நீர்வண்ணத்தை அவ்வளவு மெல்லியதாய்ப் பரப்பும் திறன் அங்கு எப்படி வாய்த்தது? சப்பானில் மரக்கட்டை அச்சு ஓவியம் நூற்றாண்டுகளாகச் செழித்திருந்தது. தாளும் பசையும் நீரும் ஒன்றோடொன்று எவ்வாறு உறவாடும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்த கலைஞர்கள் அந்நாட்டில் இருந்தனர். புதிய தொழில், பழைய அறிவின் தோள்மேல் ஏறி நின்றது என்பதே உண்மை.

பியாட்டோவின் கூடத்தில் வண்ணமிடுபவராகப் பணியாற்றிய குசாக்காபே கிம்பேய், 1880களின் தொடக்கத்தில் தமக்கெனச் சொந்தக் கூடம் நிறுவிப் பெரும்புகழ் பெற்றார். மற்றொரு கலைஞரான தாமாமுரா கோசாபுரோ, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1897ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சப்பான் பற்றிய நூல்வரிசை ஒன்றுக்காகப் பெருந்தொகையான வண்ணப் படங்களை ஆயத்தம் செய்தார். அதற்காக நூற்றுக்கணக்கான வண்ணமிடுவோர் அமர்த்தப்பட்டனர்.  அந்நூல்களில் உண்மையான நிழற்படங்கள் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்டன. ஒவ்வொரு படமும் ஒருவர் கையில் நனைந்து, காய்ந்து, வண்ணம் பெற்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இந்திய அரண்மனைகளில் நடந்தது வேறு வகை. அங்கே ஓவியர்கள் ஒளி ஊடுருவாத கெட்டி வண்ணங்களையும் பொன்னையும் கொண்டு நிழற்படத்தை ஏறக்குறைய முழுமையாய் மூடிவிட்டனர். நிழற்படம் அவர்களுக்கு அடிக்கோட்டுச் சித்திரம் மட்டுமே. முகம் மட்டும் நிழற்படமாய் எட்டிப் பார்க்க, மற்றவை யாவும் ஓவியமாய் நிற்கும் படங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

இருட்டறையிலிருந்து மேசைவரை

இருபதாம் நூற்றாண்டில் ஜெலட்டின் பூசிய புரோமைடுத் தாள் வெண்கருத் தாளின் இடத்தைப் பிடித்தது. நீர்வண்ணத்தோடு எண்ணெய் வண்ணமும் பெருகியது. அமெரிக்காவின் மார்ஷல் நிறுவனம் நிழற்படத்திற்கெனவே ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணங்களைக் குழாய்களில் அடைத்து விற்றது. பியர்லெஸ் நிறுவனம் வண்ணம் ஊறிய தாள்களைச் சிறு புத்தகமாய்க் கட்டி விற்றது. அத்தாளில் நகமளவு நறுக்கி நீரிலிட்டால் வண்ணம் கரைந்து வரும்.

1930 முதல் 1960 வரையிலான காலத்தில் எண்ணெய் வண்ணத்திற்காக ஒரு படம் எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பதைப் படிமுறையாகப் பார்ப்போம்.

1. தாளைத் தெரிவு செய்தல்: பளபளக்கும் தாள் ஆகாது. மேட் எனப்படும் மங்கலான, சற்றுச் சொரசொரப்பான தாளே வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் வண்ணம் பிடித்து நிற்கும்.

2. மென்மையாய் அச்சிடுதல்: வழக்கமான படத்தைவிடச் சற்று வெளிறிய படமாக அச்சிட வேண்டும். ஒளி ஊடுருவும் வண்ணம் கறுத்த நிழலின்மேல் தெரியாது. நிழல்களிலும் உருவம் தெரியும்படி இருந்தால்தான் வண்ணம் எடுபடும்.

3. ஹைப்போவை நீக்குதல்: உருவத்தை நிலைப்படுத்தும் ஹைப்போக் கரைசல் தாளில் எஞ்சியிருந்தால், சில ஆண்டுகளில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். ஆகவே, ஓடும் நீரில் ஒரு மணி நேரம்வரை கழுவினர். வண்ணமிட்ட பிறகு இப்பிழையைத் திருத்தவே முடியாது.

4. செபியா ஏற்றுதல்: படத்தை முதலில் ஒரு கரைசலில் இட்டு வெளுக்கவைத்து, பின் சோடியம் சல்பைடு கரைசலில் இடுவர். அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைக்கும்! கறுப்பு நிற உருவம் இளம் பழுப்பாய் மாறும். வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறுவதே காரணம். பழுப்பின்மேல் தோலின் வண்ணம் இயல்பாய் இழையும். கறுப்பின்மேல் இட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளி சல்பைடு காற்றிலுள்ள மாசுகளால் எளிதில் கெடாது.

5. தட்டையாய்க் காயவைத்தல்: சுருண்ட தாளில் வண்ணம் ஓரிடத்தில் தேங்கும். எனவே, படத்தை அட்டையில் ஒட்டியோ பலகையில் ஓரங்களைப் பொருத்தியோ வைத்துக்கொள்வர்.

6. புள்ளி நிரப்புதல்: தூசியால் விழுந்த வெண்புள்ளிகளை நுண்தூரிகையால் நிரப்புவர். விட்டுவிட்டால் வண்ணத்தின் நடுவே அவை துருத்திக்கொண்டு தெரியும்.

7. எண்ணெய் துடைத்தல்: டர்பன்டைன் கலந்த நீர்மத்தைப் பஞ்சில் தொட்டுப் படம் முழுவதும் தடவி, மிகுதியை உலர்ந்த பஞ்சால் துடைத்தெடுப்பர். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் எஞ்சும். அதன்மேல் வண்ணம் வழுக்கிச் சமமாய்ப் பரவும். பிழை நேர்ந்தால் துடைத்தெடுக்கவும் இயலும்.

இத்தனையும் முடிந்த பின்னரே பஞ்சு சுற்றிய குச்சி வண்ணத்தைத் தொடும். நீர்வண்ணமாயின் முறை வேறு. படத்தை நனைத்து ஜெலட்டின் சற்று உப்பிய பின், மேல் நீரை ஒற்றியெடுத்து வண்ணம் இடுவர். படிகாரம் சேர்ந்த கரைசலில் ஜெலட்டின் மிகவும் இறுகிப்போனால் வண்ணத்தை உறிஞ்சாது. ஆகவே, வண்ணமிடப்போகும் படம் எது என்பதை இருட்டறையில் இருப்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பெயரில்லாத கைகள்

மேற்கு நாடுகளில் வண்ணமிடும் மேசையில் அமர்ந்தவர்களுள் பெண்களே மிகுதி. அமெரிக்காவின் வாலஸ் நட்டிங், சமயப் பணியை விட்டு நிழற்படத் தொழிலுக்கு வந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் நகரில் அவர் நடத்திய கூடத்தில் ஏராளமான பெண்கள் வண்ணமிட்டனர். நாட்டுப்புறக் காட்சிகள் நிறைந்த அப்படங்கள் அமெரிக்க இல்லங்கள் பலவற்றின் சுவர்களை அணிசெய்தன. படத்தின்கீழ் நட்டிங்கின் கையொப்பம் இருக்கும். அக்கையொப்பத்தையும் பெரும்பாலும் வண்ணமிட்ட பெண்களே இட்டனர்! தம் கையால் பிறர் பெயரை எழுதிய அவர்களின் பெயரை நாம் எங்கே தேடுவது?

தோலின் நிறம் யாருடையது?

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டியது ஒன்று உண்டு. மேலே கண்ட விதிகள் வெள்ளைத் தோலுடைய மக்களைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டவை. "தோல் நிறம்" என்று பெயரிட்டு விற்கப்பட்ட வண்ணக் குழாயில் இருந்தது இளஞ்சிவப்பு. "மென்மையாய் அச்சிடுக" என்னும் விதியும் அவ்வாறே. வெளிறிய முகத்தை மேலும் சற்று வெளிறச் செய்து, அதன்மேல் இளஞ்சிவப்பு ஏற்றினால் ஐரோப்பியர் முகம் பொலிவு பெறும். கருநிறத் தோலுடைய ஒருவர் முகத்தை அதே விதிப்படி அச்சிட்டால் என்ன ஆகும்? தூரிகை தொடும் முன்பே, இருட்டறையிலேயே, அவருடைய நிறம் பாதி கழன்றுவிடும். பிறகு குழாயிலுள்ள இளஞ்சிவப்பைப் பூசினால் மீதியும் போய்விடும்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950களிலும் 1960களிலும் நிழற்படக் கூடங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணமிட்டுத் தந்தன. வெயிலில் பால்மரம் சீவிய நம் முன்னோர் சிலர் அப்படங்களில் எலுமிச்சை நிறத்தவராய்க் காட்சி தருவதற்கு வாடிக்கையாளரின் விருப்பமும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். ஆயினும், கருவிகளும் விதிகளும் ஏற்கெனவே அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. பழுப்பையும் மஞ்சளையும் கலந்து உண்மை நிறத்தைக் கொண்டுவர, கலைஞர் தம் அறிவால் விதியை மீற வேண்டியிருந்தது.

"எங்கள் பாட்டி நல்ல சிவப்பு, படத்தைப் பாருங்கள்" என்று மாணவர் ஒருவர் பெருமையோடு சொன்னால், ஆசிரியர் அங்கே வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தொடங்கலாம். அப்படத்தில் இரண்டு சான்றுகள் உள்ளன. வெள்ளி உருவம் பாட்டியைப் பற்றியது. வண்ணம், அதனைத் தீட்டிய கூடத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே சான்றாதாரங்களைப் படிக்கும் கலை. பாட்டியின் கருமை இழிவன்று. அதை மறைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருந்திருக்க வேண்டியதில்லை.

தொழில் ஓய்ந்த கதை

1907ஆம் ஆண்டில் லூமியே உடன்பிறப்புகளின் வண்ணக் கண்ணாடித் தகடு விற்பனைக்கு வந்தது. 1935இல் கோடாக்குரோம் சுருளும் 1942இல் கோடாக்கலர் சுருளும் வந்தன. விலை குறையக் குறைய, கைவண்ணத்தின் தேவையும் குறைந்தது. 1970களில் நெகிழிப் பூச்சுத் தாள் பரவியது. அத்தாளைச் சில நிமிடங்களில் கழுவிவிடலாம். ஆனால், நார்த்தாளைப்போல் அது வண்ணத்தை எளிதில் ஏற்பதில்லை. தொழில் ஓய்ந்தது.

கலை முற்றிலும் மறையவில்லை. 1972ஆம் ஆண்டு கெய்ரோவில் பிறந்த யூசுப் நபில், எகிப்தின் பழைய கூடங்களின் மரபைப் பின்பற்றிக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணமிட்டு உலகப் புகழ் பெற்றார். மறுபுறம் கணினி வந்தது. 1960ஆம் ஆண்டின் முகல்-ஏ-ஆசம் இந்தித் திரைப்படம் 2004ஆம் ஆண்டு கணினி வழியே முழுவண்ணம் பெற்றது. இன்று கைப்பேசிச் செயலிகள் நொடிப்பொழுதில் பழைய படத்துக்கு வண்ணமிடுகின்றன. அச்செயலிக்கும் பாட்டியைத் தெரியாது. தான் பயின்ற படங்களை வைத்து ஊகிக்கிறது. "தோல் நிறம் யாருடையது?" என்ற கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

நம் கடமை

உங்கள் இல்லத்தில் கைவண்ணப் படம் இருந்தால் இவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்:

* ஈரத் துணியால் படத்தைத் துடைக்காதீர்கள். நீர்வண்ணமாயின் அறுபது ஆண்டு வண்ணம் துணியோடு வந்துவிடும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் நீக்குங்கள்.
* வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வெள்ளி உருவம் தாங்கினாலும் வண்ணம் தாங்காது.
* நம் நாட்டு ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே மின்படி எடுத்துக்கொள்ளுங்கள். இனிச் சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.
* கணினியில் வண்ணமிட விரும்பினால் படியில் செய்யுங்கள். மூலப்படத்தை அப்படியே விட்டுவையுங்கள்.
* படத்தில் உள்ளவரின் பெயர், ஊர், ஆண்டு, அவருடைய நிறம், அன்று உடுத்திய சேலையின் நிறம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள்.

இவற்றுள் கடைசியாய்ச் சொன்னதே மிகவும் அவசரமானது. தாள் இன்னும் சில பத்தாண்டுகள் இருக்கும். அந்தச் சேலையின் நிறத்தைக் கண்ணால் கண்டவர்கள் அத்தனை நாள் இருக்கமாட்டார்கள். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.